அறுபது மாத்திரையும் ஒரு கல்யாணப் பத்திரிகையும்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணி இருக்கும். வரிசையில் முன்னால் நின்றவரின் டப்பாவைத் தட்டில் கவிழ்த்து மாத்திரைகளை எண்ணிக்கொண்டிருந்தேன். முப்பத்துநாலில் இருக்கும்போது போன் அடித்தது. பழவேற்காட்டிலிருந்து ஜைத்தூன் அக்காவின் தம்பி பேசினார். "சார், அக்கா மவுத் ஆயிட்டாங்க. சாயந்திரம் அசர் தொழுகைக்கு எடுக்குறோம்" என்றார். போனை வைத்தேன். மறுபடி எண்ண உட்கார்ந்தேன். மூன்று முறை எண்ணினேன், மூன்று விடை வந்தது. எதிரில் நின்றவர், "நீங்க போய்ட்டு வாங்க சார், நாங்க இருக்குறோம்" என்றார். அங்கே நின்ற எல்லோருக்கும் ஜைத்தூன் அக்காவைத் தெரியும்.

எச்.ஐ.வி.க்கு மாத்திரை கொடுக்கும் அரசு மையம் ஒன்றில் நான் மருந்தாளுநர். ஜைத்தூன் அக்கா முதலில் அங்கே மாத்திரை வாங்க வந்தவர். பிறகு, மாத்திரைக்கு வராமல் நின்றுபோனவர்களை வீடு தேடிப் போய்க் கூட்டிவரும் வேலையில் சேர்ந்தார். பொன்னேரி, கும்மிடிப்பூண்டிப் பக்கம் இன்று உயிரோடு நடமாடும் பலர் அவர் கூட்டி வந்தவர்கள். அவரை அறிந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஆனால் நீங்கள் அறியாத ஒரு பெண்ணும் இதில் வருகிறாள். "நான் போன பொறவு எம் பேர தாராளமா எழுதிக்கோங்க. மண்ணுக்குள்ள வந்தா சிரிக்கப் போறாங்க? அந்தப் பொண்ணு பேர மட்டும் எழுதிடாதீங்க" என்று அக்கா சொல்லியிருக்கிறார். அதனால் அவளை இங்கே வள்ளி என்கிறேன். ஊரை ஆரம்பாக்கம் என்கிறேன். நிஜத்தில் எந்த ஊர் என்று தேடாதீர்கள்.

அக்காவின் கணவர் கருவாட்டு மூட்டைகளோடு லாரியில் ஆந்திரப் பக்கம் போய்வந்த வியாபாரி. நான் அக்காவை முதலில் பார்த்தது அவருடைய கடைசி நாட்களில். அப்போது இந்த நோய்க்காரர்களுக்கு வராந்தாவின் மூலையில்தான் கட்டில். சாப்பாட்டுத் தட்டைக் காலால் தள்ளிவிட்டுப் போனவர்களைப் பார்த்திருக்கிறேன். நான் மட்டும் யோக்கியனா? மருந்துச் சீட்டைக் கையுறை போட்டுக்கொண்டுதான் வாங்கினேன். கணவரின் சீட்டை நீட்டிய அக்கா என் கையையே பார்த்தார். "பேப்பருக்கு ஜுரம் வராது சார்" என்றார். குரலில் கோபம் இல்லை, கொஞ்சம் சிரிப்புதான் இருந்தது. அதற்குப் பிறகு கையுறை போட எனக்கு வெட்கமாகிவிட்டது.

கணவர் போன பிறகு அவருக்கும் உடம்பு இறங்கியது. எலும்பும் தோலுமாகக் கிடந்தவரைத் தம்பி தூக்கிக்கொண்டு வந்தபோது, கணவர் போன வழியிலேயே போய்விடுவார் என்றுதான் நினைத்தேன். அந்தச் சமயத்தில்தான் அரசு இலவசமாக மாத்திரை கொடுக்க ஆரம்பித்தது. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. வெளிநாட்டில் பணக்காரர்கள் மட்டும் தின்றுகொண்டிருந்த மருந்தை நம் நாட்டிலேயே மலிவாகச் செய்தார்கள். அது ஆப்பிரிக்கா வரைக்கும் கப்பலேறியது. நாலாவது மாதம் அக்கா பொன்னேரியில் பஸ் பிடித்துத் தனியாக வந்து என் ஜன்னல் முன்னால் நின்றார். எனக்கு அடையாளம் தெரியவில்லை. "இன்னா சார், பேய பாத்தா மாரி பாக்குற?" என்றார். அந்த வருடம் அப்படிப் பலர் எழுந்து நடந்தார்கள். நாங்கள் ஜெயித்துவிட்டோம் என்றே நினைத்தோம்.

ஊருக்குள் போய் ஆளைத் தேடுவது லேசான வேலை அல்ல. ஆஸ்பத்திரியிலிருந்து யாராவது ஒரு வீட்டுப் படியேறினால் தெருவே எட்டிப் பார்க்கும். அக்கா அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார். பழவேற்காட்டு வியாபாரக் குடும்பங்களில் கல்யாணத்துக்குப் பஞ்சமில்லை. எந்த வீட்டு நிக்காஹ் என்றாலும் மிஞ்சிய பத்திரிகைகளை அவர் வாங்கி வைத்துக்கொள்வார். பளபளவென்ற பத்திரிகைக் கட்டோடு போய், "எங்க சின்னாப்பா பொண்ணுக்குக் கல்யாணம், கண்டிப்பா வந்துடணும்" என்று கதவைத் தட்டுவார். கல்யாணத்துக்கு அழைக்க வந்தவளை யார் சந்தேகப்படுவார்கள்? உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்துத் தண்ணீர் கொடுப்பார்கள். அந்த ஐந்து நிமிடத்தில் அவர் பேச வேண்டியவரிடம் பேசிவிடுவார். பாதிப் பத்திரிகைகள் போன வருடத்தவை. "நாளு, மாசம் பாப்பாங்க சார். வருசத்த எவன் பாக்குறான்?" என்று சிரிப்பார்.

வள்ளியின் வீட்டுக்கும் அவர் அப்படித்தான் போனார். வள்ளியின் கணவன் கும்மிடிப்பூண்டியில் ஓர் உருக்காலையில் ஒப்பந்தக் கூலியாக இருந்தவன். காமாலையில் செத்தான் என்றே வீட்டிலும் ஊரிலும் நினைத்திருந்தார்கள். அவன் சாவதற்கு முன்னால் ஒரே ஒரு முறை வள்ளிக்கு எங்கள் மையத்தில் ரத்தம் பார்த்தோம். நோய் இருந்தது, ஆனால் மாத்திரை தொடங்கும் அளவுக்கு உடம்பு இறங்கவில்லை. அப்போதைய விதிப்படி ஆறு மாதம் கழித்து வரச் சொன்னோம். அவள் வரவே இல்லை, வர முடியவில்லை. நெல் விளையும் நிலம் உள்ள குடும்பம். மாமனார் நல்ல மனிதர், ஆனால் விதவை மருமகள் தனியாக ரயில் ஏற ஒப்பாதவர். கொழுந்தன் எப்போது காரணம் கிடைக்கும் என்று காத்திருந்தான். விஷயம் வெளியே தெரிந்தால் வள்ளிக்கு வீடு இல்லை, அவள் பெண் குழந்தைக்கு நிலத்தில் பங்கு இல்லை. மாத்திரை கிடைக்காவிட்டால் உயிர் இல்லை.

ஒரு நாள் அக்கா என் ஜன்னலில் கைவைத்துக்கொண்டு கேட்டார். "வர முடியாதவங்களுக்கு நானே வாங்கிகினு போயி குடுக்கலாமா சார்? ஒருத்திக்கு வாயெல்லாம் புண்ணு, சோறு எறங்கல." நான் விதியைச் சொன்னேன். ஆள் நேரில் வந்து, ரத்தம் பார்த்து, அட்டை போட்டால்தான் மாத்திரை. அதில் தப்பு ஒன்றும் இல்லை, இன்றும் விதி அதுதான். ஆனால் நான் சொன்ன விதத்தை நினைத்தால் நாக்கு கசக்கிறது. "இது ரேஷன் கடை இல்லம்மா" என்றேன். அவர் தலையாட்டிவிட்டுப் போனார்.

என் வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். ஒரு டப்பாவில் அறுபது மாத்திரை, முப்பது நாளைக்கு. இருபத்தொன்பது நாள் தின்றுவிட்டு டப்பாவோடு திரும்பி வர வேண்டும். மீதி இரண்டு இருந்தால் ஒழுங்காகத் தின்றிருக்கிறார் என்று பொருள். ஐந்து, ஆறு இருந்தால் ஏமாற்றியிருக்கிறார். இந்த மருந்தை விட்டுவிட்டுத் தின்றால் கிருமி அதற்குப் பழகிவிடும், அப்புறம் மருந்து கேட்காது. அதனால் எண்ணுவதில் நான் கறார். மாத்திரை மிச்சம் வைத்தவர்களை எல்லோர் முன்னாலும் வைதிருக்கிறேன். அக்காவின் டப்பாவில் மட்டும் எப்போதும் இரண்டுதான். மூன்று இருந்ததில்லை, ஒன்று இருந்ததில்லை. அவர் டப்பாவைத் தூக்கிக் காட்டி, "இவங்கள பாத்துக் கத்துக்கங்கய்யா" என்பேன். அவர் முந்தானையைத் தலைக்கு இழுத்து விட்டுக்கொள்வார். கூச்சம் என்று நினைத்தேன்.

அடுத்து வந்த டிசம்பரில் எய்ட்ஸ் தினத்துக்கு மாவட்ட அளவில் ஒரு விழா நடந்தது. மேடையில் பேசியவர்கள் உலகம் முழுக்கச் சாவு குறைந்துவருகிறது, வெற்றி கண்ணுக்குத் தெரிகிறது என்றார்கள். பொய் இல்லை. அக்காவை மேடையேற்றிச் சால்வை போர்த்தினார்கள். "பசிக்குச் சோறு, உசுருக்கு மாத்திர. ரெண்டையும் நேரத்துக்குப் போடணும்" என்று பேசினார். கைதட்டல் அடங்குவதற்குள் அவருக்கு இருமல் வந்துவிட்டது. சால்வையை வாயில் அழுத்திக்கொண்டு இறங்கினார். என் பக்கத்தில் உட்கார்ந்து, "ஜெயிச்சிட்டோம்ன்றாங்களே சார், எங்க தெருவுல இன்னும் ஒருத்தரும் சொல்லலியே" என்றார். நான் சிரித்தேன். அந்த இருமலை நான் கவனித்திருக்க வேண்டும்.

அந்த மாதம் வந்த ரத்த முடிவில் அவருடைய எதிர்ப்பு அணுக்கள் முந்தைய முறையைவிடக் குறைந்திருந்தன. அடுத்த முடிவில் இன்னும் குறைந்தன. டாக்டர் என்னைக் கூப்பிட்டு, மாத்திரை ஒழுங்காக எடுக்கிறாரா என்று கேட்டார். நான் பதிவேட்டை விரித்துக் காட்டினேன். மாதா மாதம் இரண்டு, இரண்டு, இரண்டு. "என் எண்ணிக்கை தப்பாது சார்" என்றேன். அவருக்கும் புரியவில்லை. எடை குறைந்துகொண்டே வந்தது.

ஆரம்பாக்கத்துப் பெரியவருக்கு, அதாவது வள்ளியின் மாமனாருக்கு, அக்காவை மிகவும் பிடித்துப்போயிருந்தது. "இன்னாம்மா, உங்க ஊட்ல வருசம் பூரா கல்யாணமா?" என்று கேலி செய்வாராம். "எங்களுது பெரிய குடும்பம் நைனா" என்பாராம் அக்கா. இத்தனை தடவை அழைத்தும் ஒரு கல்யாணத்துக்குக்கூடத் தலைகாட்டாதது அந்த மனிதருக்கு உறுத்திக்கொண்டே இருந்திருக்கிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேட்டி கட்டி, வீட்டிலேயே உரித்த தேங்காய் ஒரு பை நிறைய எடுத்துக்கொண்டு, சின்ன மகனோடு ரயிலும் பஸ்ஸும் ஏறிப் பழவேற்காட்டுக்குப் போயிருக்கிறார். பத்திரிகையில் நாளும் மாதமும் சரியாகத்தான் இருந்தன. மண்டபம் பூட்டிக் கிடந்தது. வாசலில் ஆடுகள் படுத்திருந்தன. பெட்டிக்கடைக்காரர் பத்திரிகையை வாங்கிப் பார்த்துவிட்டு, "பெரியவரே, இது போன வருசக் கல்யாணம். அந்தப் பொண்ணுக்குக் கொழந்தையே பொறந்தாச்சு" என்றிருக்கிறார்.

அடுத்த முறை அக்கா போனபோது கொழுந்தன் வாசலிலேயே மறித்தான். "ஊட்ட நோட்டம் பாக்கவா வர்ற? இன்னொரு தபா இந்தப் பக்கம் வந்த, பேஜாராயிடும்" என்று கதவைச் சாத்திவிட்டான். பெரியவர் உள்ளே இருந்தும் வெளியே வரவில்லை.

அன்று பகல் மழை. மையத்தில் கூட்டம் இல்லை. நனைந்த புடவையோடு அக்கா நேராக என் அறைக்குள் வந்தார். வழக்கமாக ஜன்னலைத் தாண்டி வரமாட்டார். கையில் ஒரு பத்திரிகைக் கவர் இருந்தது. மேசைமேல் கவிழ்த்தார். இருபத்தொன்பது மாத்திரை விழுந்தது.

"அவ ஊட்டுக் கதவ சாத்திட்டாங்க சார். இது அவ பங்கு."

எனக்கு ஒரு நிமிடம் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு விளங்கியது. காலை மாத்திரை அக்காவுக்கு, மாலை மாத்திரை வள்ளிக்கு. ஒன்றரை வருடமாக. நான் விதி பேசிய அந்த மாதத்திலிருந்து.

கத்தினேன். என்ன கத்தினேன் என்று முழுதாக நினைவில்லை. "படிச்சுப் படிச்சுச் சொன்னேனே, பாதி மாத்திரை தின்னா கிருமி பழகிடும்னு. அவளையும் கெடுத்து உங்களையும் கெடுத்துக்கிட்டீங்களே" என்றது நினைவிருக்கிறது. "என்னை ஏமாத்திட்டீங்க" என்றும் சொன்னேன்.

அக்கா ஈரத் தலையைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தார். பிறகு சொன்னார்: "உங்க எண்ணிக்கையில ஒரு தப்பும் இல்ல சார். அறுவதும் வயித்துக்குள்ளதான் போச்சு. ரெண்டு வயித்துக்குள்ள போச்சு, அவ்ளோதான்."

மேசைமேல் சிதறிய மாத்திரைகளை ஒன்றுசேர்த்தபடி, "பக்கத்துல ஒருத்தி பசியோட குந்திகினு இருக்கும்போது தட்டுல இருக்கறத நான் மட்டும் எப்டி சார் துண்ணுவேன்? எங்க ஊட்ல அப்டி வளக்கல" என்றார். சோற்றுக்கு அது சரிதான். மாத்திரைக்கு அது சரியில்லை என்பதை எங்களில் யாரும் அவருக்குப் புரிகிற மாதிரி சொல்லவில்லை. தவறவிடாதே என்று ஆயிரம் முறை சொன்னோம். பகிராதே என்று ஒருமுறைகூடச் சொல்லவில்லை. அப்படி ஒன்று நடக்கும் என்று எங்களுக்குத் தோன்றவே இல்லை.

அக்காவுக்கு இனி இரண்டாம் கட்ட மருந்துதான் கேட்கும் என்றார் டாக்டர். அது அப்போது பெரிய ஊர் ஒன்றில், ஒரு குழு பார்த்து ஒப்புதல் கொடுத்த சிலருக்கு மட்டும் கிடைத்தது. முதல் மருந்தை ஒழுங்காகத் தின்றவர்களுக்கே முன்னுரிமை. விண்ணப்பத்தில் மருந்தாளுநர் சான்று எழுதும் கட்டம் ஒன்று இருந்தது. ஒன்றரை வருடம் தெரியாமல் எழுதிய பொய்யை அன்று தெரிந்தே எழுதினேன்: மருந்தைத் தவறாமல் எடுத்துக்கொண்டார். கையெழுத்துப் போட்டேன். அதற்காக நான் வருந்தவில்லை. குழுவிடமிருந்து அழைப்பு வந்தபோது அவர் நெஞ்சில் காசநோய் முற்றியிருந்தது. அதை அடக்கிவிட்டு வரட்டும் என்றார்கள்.

வள்ளிக்கு என்ன செய்தேன் என்று நீங்கள் கேட்கலாம். ஒரு சனிக்கிழமை ஆரம்பாக்கம் ஸ்டேஷனில் இறங்கினேன். தெருமுனை வரைக்கும் நடந்தேன். முன்பின் தெரியாத ஆண் ஒருவன் விதவையைத் தேடிப்போனால் அவள் கதை அன்றோடு முடிந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு அடுத்த ரயிலில் திரும்பிவிட்டேன். அது பாதி உண்மை. மீதிப் பாதி பயம். அக்காவிடம் சொன்னேன். படுத்திருந்தவர், "வேணாம் சார், நான் எந்திரிச்சதும் வேற வழி பாக்குறேன்" என்றார். அவர் எழுந்திருக்கவில்லை.

அடக்கம் முடிந்து நாங்கள் திரும்பும்போது ஏரிப்பக்கம் இருட்டிக்கொண்டு வந்தது. தம்பி என்னிடம் ஒரு பை கொடுத்தார். உள்ளே பத்திரிகைகள். யார் யாருடைய கல்யாணமோ.

மூன்று வாரம் போயிருக்கும். ஜன்னலுக்கு வெளியே வெள்ளை வேட்டி கட்டிய ஒரு பெரியவர் வரிசையில் நிற்காமல் ஓரமாக நின்றுகொண்டிருந்தார். கையில் ஒரு பத்திரிகை. பின்னால் ஒரு பெண், சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அவளை நான் ஒரே ஒரு முறை பார்த்திருக்கிறேன். இருந்தாலும் தெரிந்துவிட்டது.

மருமகள் படுத்த படுக்கையாகி, "அந்த பாய் ஊட்டு அக்காவக் கூப்டுங்க" என்று புலம்பியிருக்கிறாள். பெரியவர் மறுபடி பழவேற்காட்டுக்குப் போயிருக்கிறார். அங்கே சாவுச் செய்தியும், அதைச் சொன்ன தம்பியின் வாயிலிருந்து மற்றதும் கிடைத்திருக்கிறது. சின்ன மகனிடம் எதுவும் சொல்லாமல் மருமகளை ரயிலேற்றிக் கூட்டி வந்துவிட்டார்.

"அந்தம்மா கல்யாணத்துக்குக் கூப்டவே இல்ல சார்" என்றார். "இத்தினி நாளும் இவள இங்க கூப்டத்தான் வந்துகினு இருந்துச்சி. மரமண்ட, எனக்கு வெளங்கல. கதவ சாத்தும்போது உள்ளதான் குந்திகினு இருந்தேன்." வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

அவரைப் பெஞ்சில் உட்காரவைத்துவிட்டு வள்ளியை உள்ளே கூப்பிட்டேன். அட்டை போட்டோம், ரத்தம் எடுத்தோம். டப்பாவைத் திறந்து அறுபது மாத்திரையை அவள் எதிரிலேயே எண்ணினேன். இந்த மருந்து அவளுக்குக் கேட்குமா என்று எனக்குத் தெரியாது. அரை மருந்து தின்ற உடம்பு. ஆனால் என் அலமாரியில் கொடுப்பதற்கு வேறு எதுவும் இல்லை. கொடுப்பதற்கு முன், எத்தனை வருடமோ எவரிடமும் கேட்காத கேள்வியைக் கேட்டேன். "அக்கா குடுத்த மாத்திரைய நீ மட்டும்தான் தின்னியா? யாருக்காவது குடுத்தியா?"

அவள் வெளியே மாமனார் இருக்கும் பக்கம் ஒருமுறை பார்த்தாள்.

"ஒடச்சி, பாதிதான் சார் துண்ணேன். பாப்பாவுக்கும் வாய்ப்புண்ணு வந்து வந்து போச்சு. மீதிப் பாதிய வெல்லத்துல வெச்சி அதுக்குக் குடுத்தேன்."

இரண்டு வயிறு என்றார் அக்கா. அவருக்கே தெரியாமல் மூன்று வயிறு. மறுநாள் குழந்தைக்கும் ரத்தம் எடுத்தோம். முடிவை இங்கே எழுத மாட்டேன்.

ஜைத்தூன் அக்காவை அறிந்தவர்களே, உங்களிடம் அவருடைய சிரிப்பு இருக்கும், நீங்கள் இங்கே நடந்து வந்த வழி இருக்கும். என்னிடம் ஒரு பை நிறையப் பத்திரிகையும் அந்தக் கேள்வியும் இருக்கின்றன. எத்தனை மிச்சம் என்று கேட்ட காலத்தில் எல்லோரும் சட்டென்று பதில் சொன்னார்கள். இப்போது தட்டைத் தள்ளி வைத்துவிட்டு, யாருக்குக் கொடுக்கிறீர்கள் என்று ஒவ்வொருவரிடமும் கேட்கிறேன். பதில் வர நேரமாகிறது.